ஆர்.எக்ஸ். 100ம் ஒரு பாட்டில் ஆயிலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், 1985–89 இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நீங்கள் உள்ளே வரும்போது, வேப்ப மரத்தடியில் நிற்கும் ஒரு கறுப்பு யமஹாவைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணியிலிருந்து அதைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு தம்பி என்னிடம் வந்து, "சார், விக்கிறீங்களா?"ன்னு கேட்டான். ஒரு பெரிய தொகையும் சொன்னான். விற்பதற்கில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் செயலாளரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பதினைந்துதான் கொடுத்திருக்கிறார்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பின்னணி. நாங்கள் முதலாண்டில் சேர்ந்த சமயம், சாலையில் ஓடியவை புல்லட், எஸ்டி, பழைய ராஜ்தூத், அப்புறம் ஸ்கூட்டர்கள். ஜப்பான் வண்டிகள் அப்போதுதான் உள்ளே வர ஆரம்பித்திருந்தன. 1983இல் ராஜ்தூத் 350 வந்தது. பெயர்தான் ராஜ்தூத், உள்ளே இருந்தது யமஹா ஆர்.டி. 350, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். 1984இல் நம் ஒசூரிலிருந்தே இன்ட்-சுசூகி வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டாவும், அந்த வருடக் கடைசியில் யமஹா ஆர்.எக்ஸ். 100ம் வந்தன. அடுத்து கவாசாகி பஜாஜ். ஹீரோ ஹோண்டா நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலை மிச்சப்படுத்தும் சமர்த்துப் பிள்ளை. எங்களில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவை எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக்.

ஆர்.எக்ஸ்.ஸில் இருந்தது 98 சி.சி.தான். சிலிண்டரின் உள் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் ஐம்பது. ஆனால் பதினோரு குதிரைத்திறன்! வண்டி எடை சுமார் நூறு கிலோ. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் உள்ளது போன்ற வால்வு இல்லை, கேம் இல்லை. பிஸ்டனே ஏறி இறங்கித் துளைகளைத் திறந்து மூடும். அந்த இழுவையும், திராட்டிலை விட்டதும் சைலன்சரிலிருந்து வரும் அந்த 'டிங் டிங்' சத்தமும், இப்போது எந்த வண்டியிலும் கிடையாது. இதைச் சொல்லும்போதே பின் வரிசையில் நாலைந்து வழுக்கைத் தலைகள் ஆடுவதைப் பார்க்கிறேன். (சிரிப்பு)

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா என்று பேசுகிற கட்சியில் நான் முழு உறுப்பினர் இல்லை. அதன் பிரேக் அதன் வேகத்துக்குப் போதவே போதாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் புது பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது புகை போகும் துளையும் திறந்தே இருக்கிறது. கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும். அதோடு ஆயிலும் எரியும். அந்த நீலப் புகைதான் நமக்கு மணம், பின்னால் வருபவருக்கு இருமல். 1991இல் ஆரம்பித்து, 1996, 2000 என்று புகை விதிகள் இறுகின. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996இல் நின்றது. நின்றது சரிதான். இதைச் சொன்னால் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் தெரிந்தால்தான் நான் சொல்ல வந்தது புரியும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். யமஹாக்காரர்கள் 1964லேயே அதற்கு ஒரு வழி செய்துவிட்டார்கள். ஆயிலுக்குத் தனி டேங்க், இன்ஜினிலிருந்து ஓடும் குட்டிப் பம்ப். திராட்டில் கேபிள் பாதியில் இரண்டாகப் பிரியும்: ஒன்று கார்புரேட்டருக்கு, ஒன்று ஆயில் பம்புக்கு. முறுக்க முறுக்க ஆயில் கூடுதலாகப் போகும். ஆட்டோலூப் என்று பெயர். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சின்ன டேங்கில் ஆயில் இருக்கிறதா என்று வண்டி ஓட்டுகிறவன் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

விடுதியில் என் அறைத்தோழன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம். அப்பா விவசாயி. இரண்டு போகம் மஞ்சள் நல்ல விலைக்குப் போனதில், 1987இல் மகனுக்கு இந்த ஆர்.எக்ஸ்.ஸை வாங்கிக் கொடுத்தார். எங்கள் தளத்தில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். பெயருக்கு அது அவனுடையது. ஓட்டியது முப்பது பேர். சினிமாவுக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்கு, ராத்திரி டீக்கு என்று சாவி கை மாறிக்கொண்டே இருக்கும். யாரையும் அவன் இல்லை என்று சொன்னதில்லை.

1988 ஏப்ரல். ஆறாவது செமஸ்டர் தேர்வு. இரண்டு பேப்பர் முடிந்து நடுவில் ஒரு ஞாயிறு. நானும் வேறொரு நண்பனும் பண்ணாரி, திம்பம் வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். சாவியோடு கொஞ்சம் காசும் கொடுத்து, "ஆயில் அடில இருக்குடா, சத்தியில ஊத்திக்கோ"ன்னு சொன்னான். சரி என்றேன். சத்தியமங்கலத்தில் அந்தக் காசுக்குப் பரோட்டா சாப்பிட்டோம். ஆயில் வரும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று நினைத்தேன். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த நூறு சி.சி. ஏறிய ஏற்றத்தை இன்னும் மறக்கவில்லை. இறங்கி வரும்போது ஆயில் சுத்தமாக மறந்து போனது.

கல்லூரிக்கு ஒரு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது இன்ஜின் சத்தம் மாறியது. தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஆயில் டேங்கைத் திறந்தால் காய்ந்து கிடக்கிறது. அவன் படித்துக் கொண்டிருந்தான். அவனிடம் சொல்லவில்லை. முக்குக் கடையில் ஒரு பாட்டில் ஆயில் வாங்கி, இருட்டில் ஊற்றி, டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக் கொண்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்று வருடம் இயந்திரவியல் படித்தவன்!

இங்கே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு என் தப்பு எது என்று இந்நேரம் புரிந்திருக்கும். டேங்க் காய்ந்துவிட்டால் ஆயில் குழாயிலும் பம்பிலும் காற்று புகுந்துவிடும். வெறுமனே டேங்கை நிரப்பினால் போதாது. பம்பில் ஒரு சின்ன திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி, குமிழி எல்லாம் போய் வெறும் ஆயில் வரும்வரை விட வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் நிறைய ஆயில் இருக்கும், இன்ஜினுக்கு ஒரு சொட்டுப் போகாது.

மறுநாள் காலையில் அவன் ஒரு புத்தகம் வாங்க டவுனுக்குப் போனான். கிளம்பும்போது அவன் ஆயில் டேங்கைப் பார்த்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நிறைந்திருந்தது. அந்த நிமிடம்கூட வாயைத் திறந்திருக்கலாம். அவினாசி ரோட்டில், நல்ல வேகத்தில், பிஸ்டன் பிடித்துக்கொண்டது. இரண்டு ஸ்ட்ரோக்கில் அப்படி ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்ச்சைப் பிடித்துவிட்டால் தப்பிக்கலாம். அதற்கு அரை நொடி இருக்கும். அன்று ஹெல்மெட் யாரும் போடுவதில்லை. ரோட்டோர மணலில் விழுந்ததால் தலை தப்பியது. வலது கை மணிக்கட்டு முறிந்தது.

மீதிப் பேப்பர்களை அவன் எழுதவில்லை. ஏழாவது செமஸ்டரில் கம்பெனிகள் வந்தபோது, அரியர் இருப்பவர்கள் உட்காரக் கூடாது என்று விதி. என்னைத் தேர்வு செய்த கம்பெனியின் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அதுவரை வகுப்பில் எனக்கு முன்னால் இருந்தவன் அவன்.

கட்டுப் போட்டிருந்தபோது அவன் அப்பா விடுதிக்கு வந்தார். வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்தார். மெக்கானிக் அவரிடம் சொல்லியிருக்கிறார்: டேங்க் காய்ஞ்சு ஓடியிருக்குங்க, லைன்ல காத்து, அப்புறமாத்தான் ஆயில் ஊத்தியிருக்காங்க. அவர் மகனைத் திட்டினார். அவன் "மறந்துட்டேனுங்கப்பா"ன்னு தலையைக் குனிந்துகொண்டான். அவர் என் பக்கம் திரும்பி, "கண்ணு, கூட இருக்கறவன், நீயாவது இவனுக்குச் சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டார். நான் "சொல்றேனுங்க" என்றேன்.

அப்புறம் நான் சென்னை, பிறகு புனே. அவன் அரியரை முடித்து, ஒரு நூற்பாலையில் பராமரிப்பு வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்தான். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் நாங்கள் மாறி மாறிப் போய் வந்தோம். இந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் அவன் அப்பா காலமானார். காரியம் முடிந்து சாளையை ஒதுக்கும்போது, வைக்கோலுக்குப் பின்னால் வண்டி நின்றது. அவர் அதை ரிப்பேர் செய்து தோட்டத்துக்கு ரொம்ப நாள் ஓட்டியிருக்கிறார். "பழைய இரும்புக்குத்தான் போடணும், வேணும்னா நீ எடுத்துக்கோ" என்றான். எடுத்துக் கொண்டேன். கூடவே ஒரு தகர டப்பாவும் இருந்தது. விவசாயி வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்களே. திருகு, வாஷர், பழைய பிளக், அவற்றோடு ஒரு பிஸ்டன். பக்கம் முழுக்க, சுற்றிலும், நகத்தால் கீறியதுபோல் கோடு கோடாக இருந்தது. வெறும் சூட்டால் பிடித்திருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் கீறல் அதிகம் இருக்கும். இது சுற்றிலும். ஆயில் இல்லாமல் ஓடியதற்கு அத்தாட்சி. முப்பது வருடத்துக்கு மேல் அந்த டப்பாவில் இருந்திருக்கிறது.

வண்டியைச் சரி செய்ய ஏழு மாதம் ஆனது. பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு. நட்டும் போல்ட்டும் டீசலும் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். ஒயரிங்கை எலி தின்றிருந்தது. கிராங்கை அழுத்திப் பிரித்துக் கனெக்டிங் ராடு மாற்றினோம். இரண்டு பக்கமும் புது ஆயில் சீல். இந்த இன்ஜினில் கிராங்க் பெட்டிக்குள்தான் கலவை அழுந்துகிறது, சீல் கசிந்தால் வண்டி ஓடாது. சிலிண்டரில் ஏற்கெனவே ஒரு முறை போரிங் செய்து அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டிருந்தார்கள். அது நான் வைத்த செலவு. அடுத்த அளவுக்கு மறுபடி போரிங் செய்தோம். பாயிண்டைத் தூக்கிவிட்டு சி.டி.ஐ. போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டி, ஹாண்டில்பாரைக் குட்டையாக்கி, சைலன்சரின் உள்குழாயை உருவிப் போட்டு ஊரை எழுப்புகிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது. அப்படிச் செய்கிற தம்பிகள் இங்கேயும் இருக்கிறீர்கள், காலையில் கேட்டேன். பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டியாகிவிட்டது.

கடைசி வேலை ஆயில் பம்ப். ஒரு ராத்திரி, டேங்கை நிரப்பி, அந்தத் திருகைத் தளர்த்தினேன். குமிழி குமிழியாக வந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு வெறும் ஆயில். திருகை இறுக்கிவிட்டுக் கையைத் துடைக்காமலே அவனுக்குப் போன் செய்தேன். மணி பதினொன்று. திம்பத்திலிருந்து முக்குக் கடை வரை எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "தெரியும்டா."

"எப்படி?"

"காலையில கட்டிலுக்கு அடியில காலி பாட்டில் கிடந்துச்சு. சத்தில ஊத்தியிருந்தா பாட்டில் ஏன் ரூமுக்கு வருது? மெக்கானிக் சொன்னதும் கணக்குப் புரிஞ்சு போச்சு."

"ஏன்டா கேக்கலை?"

"கேட்டா நீ இல்லைன்னு சொல்லிட்டா? இன்னும் ஒரு வருஷம் ஒரே ரூம்ல இருக்கணுமேடா."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம், முதல்ல பெட்ரோல்லயும் கொஞ்சம் ஆயில் கலந்து ஸ்டார்ட் பண்ணு. புது போரிங்"ன்னு சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் சொன்ன மாதிரியே செய்தேன். நாலாவது உதையில் பிடித்தது.

நண்பர்களே, அவன் இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். இன்று நான் இதைப் பேசப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. முறைப்பதைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். வண்டியின் சாவி என் பையில் இருக்கிறது. ஆர்.சி. இன்னும் அவன் அப்பா பெயரில்தான். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை அவன் பெயருக்கே தயார் செய்து கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் அவன் வந்து ஒரு உதை உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் நிறைய இருக்கிறது, காற்று எடுத்தாகிவிட்டது. வேண்டுமானால் அவன் ஒரு முறை பார்த்துக் கொள்ளட்டும்.