தெர்மோஸ்டாட்டும் நான்காவது சிலிண்டரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா சிவில்காரங்க தூங்கிடக் கூடாது" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பொருளான தண்ணீரைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீர்.

என்னோடு இங்கே படித்த நண்பர் ஒருவர் என்னைப் போலவே அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அவரிடம் பழைய மாஸ்டா மியாட்டா கார் ஒன்று இருக்கிறது. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான, இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்னக் கார். முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒருவர் அதன் 1.6 லிட்டர் எஞ்சினிலேயே டர்போவை மாட்டி விரட்டியிருக்கிறார். நான்காவது பிஸ்டன் உடைந்த நிலையில்தான் வண்டி நண்பர் கைக்கு வந்தது. மாஸ்டாவின் 323 ஜிடிஎக்ஸ் என்ற டர்போ காரின் எஞ்சினும் இதே குடும்பம்தான். அதன் அடிப்பாகத்தையும் டர்போவையும் வாங்கி, மேலே மியாட்டாவின் சொந்த ஹெட்டையே வைத்துப் பொருத்துவது என்று முடிவு செய்தார். இரண்டு வருடச் சேமிப்பு அதில் போனது. இன்னொரு பிஸ்டன் போனால் வண்டியை விற்றுவிடுவேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

உடைந்தது ஏன் நான்காவது பிஸ்டன்? பெட்ரோல் போதாமல் நாக்கிங் ஏற்பட்டிருக்கலாம், இக்னிஷன் டைமிங் தவறியிருக்கலாம். ஒரே காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தண்ணீர் போகும் பாதையைப் பார்த்தால் சந்தேகம் வலுக்கும்.

இந்த எஞ்சின் முதலில் 323 காரில் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. வாட்டர் பம்ப் ஒரு முனையில், தெர்மோஸ்டாட் எதிர்முனையில். உள்ளே வரும் தண்ணீர் நான்கு சிலிண்டரையும் தொட்டுவிட்டுத்தான் வெளியேறும். அதையே மியாட்டாவில் நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தபோது, எஞ்சினின் பின்முனை டிரைவர் பக்கத்துத் தடுப்புச் சுவரை ஒட்டிக்கொண்டது. அங்கே இக்னிஷன் காயிலும் இருக்கிறது, கை நுழைய இடமில்லை. அதனால் தெர்மோஸ்டாட்டை முன்பக்கம், பம்ப் இருக்கும் அதே முனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்வாசலில் ஏறி முன்வாசலிலேயே இறங்கும் பயணிக்கு பஸ்ஸின் கடைசி சீட் தெரியுமா? அதுதான் கதை. பின்பக்கத்திலிருந்து ஹீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் ஒன்று மட்டும் உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு இந்த ஏற்பாடு போதும், லட்சக்கணக்கான வண்டிகள் ஓடியிருக்கின்றன. டர்போ வந்தால் கணக்கு மாறுகிறது. எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலிங் தண்ணீருக்குத்தான் போகிறது என்று நம் வெப்பவியல் வகுப்பில் எழுதிப் பாஸ் செய்தோமே, அந்த மூன்றில் ஒரு பங்கு இப்போது பெரிதாகிவிட்டது.

நண்பர் போனில் சொன்னார்: "டேய், 71 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கிட்டேன். எஞ்சின் எப்பவுமே கூலா இருக்கும்ல?"

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு வால்வு. மெழுகு உருகி விரியும்போது வால்வு திறக்கும். 82 டிகிரி என்று போட்டிருந்தால் 82-இல் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியபின்தான் முழுதாகத் திறக்கும். அது வெப்பத்தின் கீழ் எல்லையைக் காவல் காக்குமே தவிர, மேல் எல்லை அதன் கையில் இல்லை. மேல் எல்லையைத் தீர்மானிப்பவை ரேடியேட்டர், விசிறி, பம்ப், பாதை. முழுதாகத் திறந்தபின் 71-ம் 82-ம் ஒன்றுதான். மிச்சிகன் குளிரில் 71 டிகிரியைப் போட்டால் ஹீட்டர் சூடேறாது. எஞ்சின் ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. கம்ப்யூட்டரோ எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும், அது சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். 82-தான் சரி என்றேன். கொஞ்சம் சண்டைக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்.

நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் இதற்கும் ஒரு படி மேலே போய், "வண்டி ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடுங்க சார்" என்பார்கள். அடைத்துப்போன ரேடியேட்டரைத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சரிசெய்ய முடியாது. வால்வு தருகிற தடையால் ஹெட்டுக்குள் பம்பின் அழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்கிறது. சூடான இடங்களில் தண்ணீர் கொதித்துக் குமிழி விடாமல் இருக்க அந்த அழுத்தமும் வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை வாங்க நேரம் இருக்காது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள்.

ஆக, செலவு செய்ய வேண்டிய இடம் பாதைதான். முன்பக்க வழியைத் தகடு வைத்து அடைத்தோம். ஹெட்டின் பின்முனையில் தெர்மோஸ்டாட்டை வைத்து, அங்கிருந்து எஞ்சின் ஓரமாக நீண்ட ஹோஸ் ஒன்றை ரேடியேட்டரின் மேல்வாய்க்குக் கொண்டுவந்தோம். எழுத்தில் ஒரு வரி, கையில் மூன்று வார இறுதிகள். இக்னிஷன் காயிலை இடம் மாற்ற வேண்டி வந்தது. விசிறியின் சுவிட்ச் முன்பக்க தெர்மோஸ்டாட் கூட்டில் இருந்ததால் அதற்கும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஹீட்டர் குழாயை மட்டும் தொடவில்லை. வால்வு மூடியிருக்கும்போதும் அதன் வழியே தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்போதுதான் மெழுகுக்கு எஞ்சினின் உண்மையான சூடு தெரியும்.

டர்போவுக்கும் தண்ணீர் வேண்டும். ஓடும்போது வேண்டியதைவிட, எஞ்சினை நிறுத்தியபின்தான் அதிகம் வேண்டும். டர்பைன் பக்கத்துச் சூடு மெல்ல பேரிங்குக்கு ஏறும், அங்கே தங்கியிருக்கும் ஆயில் கருகிக் கட்டியாகும். பம்ப் நின்றபின்னும் சூடான தண்ணீர் தானாக மேலே ஏற, குளிர்ந்தது கீழிருந்து வர வேண்டும். அதனால் உள்வழி தாழ்வாகவும் வெளிவழி உயரமாகவும் இருக்க வேண்டும், நடுவில் குழாய் மேடேறி இறங்கக் கூடாது. மேட்டில் காற்று அடைத்துக்கொண்டால் ஓட்டம் நின்றுவிடும். முதலில் அழகுக்காக வளைத்துப் பிடித்த ஒரு குழாயை இதற்காகவே மறுபடி வெட்டினோம்.

கடைசியாக ஒரு விஷயம். டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். ஓட்டுபவர் பயப்படக் கூடாதென்று பல வண்டிகளில் அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஹெட்டின் பின்முனையில் தனி சென்சாரும் எண் காட்டும் மீட்டரும் வைத்தோம். இப்போது அவர் ரோட்டைவிட அந்த மீட்டரைத்தான் அதிகம் பார்க்கிறார் என்று அவர் மனைவி புகார் சொல்கிறார். இரண்டு கோடைகள் ஆகிவிட்டன, நான்காவது பிஸ்டன் நலமாக இருக்கிறது. வண்டி இன்னும் விற்கப்படவில்லை.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள்.