புடவையைப் பார்த்து அட்டையைச் சொல்ல முடியுமா?

ஆரணி பக்கத்துல முள்ளிப்பட்டுல இருந்து பேசுறேன். பின்னாடி கேக்குறது தறிச் சத்தம். ஜக்கார்டு அட்டையில இருக்குற ஓட்டைங்கதான் புடவையில டிசைனா விழுது. பழகின கண்ணு டிசைனைப் பார்த்தே அட்டையை யூகிச்சிடும்.

கேன்சர்லயும் இதே முயற்சிதான். மரபணு அட்டைன்னா, சிடி ஸ்கேன் புடவை. 2018-ல பிரான்ஸோட குஸ்தாவ் ரூஸி ஆய்வாளர்கள், 135 நோயாளிகளோட ஸ்கேனையும் கட்டியின் மரபணுத் தரவையும் இணைச்சு ஒரு மாடலைப் பழக்கினாங்க. கட்டிக்குள்ள சிடி8 எதிர்ப்பு செல்கள் எவ்வளவுன்னு ஸ்கேனை வெச்சே அது மதிப்பிடும். அப்புறம் இம்யூனோதெரபி எடுத்த 137 பேர்கிட்ட சோதிச்சாங்க. மதிப்பெண் கூடினவங்க பொதுவா கூடுதல் காலம் வாழ்ந்திருந்தாங்க.

இந்த மருந்துக்கு லட்சக்கணக்குல செலவாகும், எல்லாருக்கும் பலிக்காது. தறியை அடகு வைக்கிறதுக்கு முன்னாடியே பலன் தெரிஞ்சா எவ்வளவு நல்லது! ஆனா ஸ்கேனை மட்டும் நம்பி மருந்தை மறுக்கக் கூடாது. நம்ம ஊர் நோயாளிகளோட ஸ்கேன்லயும் அது தேறணும்.