நாலறிவு உயிரின் சினம்

வாழப்பாடி வீடுகளில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈ, நாலறிவு உயிர். அதற்கும் சினம் உண்டு. ஆண் ஈக்கள் சிறகுயர்த்தி மிரட்டும். எழுந்து பாய்ந்து முன்கால்களால் தாக்கும். இப்பூசலை அமெரிக்க அறிஞர் ஸ்டர்ட்டிவன்ட் 1915ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். 2008இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், தனியே அடைத்து வளர்த்த ஈக்கள் மிகுதியாகப் போரிடுவதையும், கூட்டமாய் வளர்ந்தவை அடங்கியிருப்பதையும் விளக்கினர்.

உயிர்களை அடைத்து ஆராய்தல் கொல்லாமை போற்றும் நம் நெஞ்சை உறுத்தும். எனினும் அவை உணர்த்தும் பாடத்தைப் புறக்கணித்தல் தகாது. தனிமையும் சினத்தை வளர்க்கிறது. அடைத்த குப்பியை ஈயால் திறக்க இயலாது. ஆறறிவுடைய நம்மால் அடைத்த கதவைத் திறக்க இயலும். ஆதலின், பிணங்கிப் பேசாதிருக்கும் உறவினர் இல்லத்திற்கு இவ்விழா நாளிலேயே சென்று பொறுத்தருள வேண்டுவோம்.