பெயர் எழுதாத பேரேடு
(நம் சங்கத்தின் மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே தினம் என்றதும் 1886ஆம் ஆண்டுச் சிகாகோவைப் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். அதற்கு மறு ஆண்டு, 1887 மே 3ஆம் நாள், அதே கண்டத்தின் மேற்குக் கரையில் நடந்ததை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கனடா நாட்டிலே, வான்கூவர் தீவிலே, நனைமோ என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. பிழைக்கப் போன இடத்தில் உயிர் விட்டவர்களை ஓர் ஊர் எப்படி நினைவில் வைக்கிறது, எப்படி மறக்கிறது என்பதற்கு அந்த ஊர் நல்ல பாடம்.

அங்கே நிலக்கரி இருப்பதை முதலில் சொன்னது யார்? வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. அந்த மண்ணின் மக்களான ஸ்னுனேமுக் இனத்துப் பெரியவர் ஒருவர், எங்கள் பக்கம் இந்தக் கறுப்புக் கல் நிறைய உண்டு என்று ஹட்ஸன் பே கம்பெனிக்குச் சொன்னார். 1852இல் கம்பெனி அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு ‘பாஸ்டியன்’ என்ற மரக்கோட்டையைக் கட்டத் தொடங்கியது. அந்தக் கோட்டை இன்றைக்கும் நிற்கிறது.

கரி வெட்ட ஆள் வேண்டுமே! இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளை ஒப்பந்தம் போட்டுக் குடும்பத்தோடு கப்பலேற்றினார்கள். கப்பலின் பெயர் ‘பிரின்சஸ் ராயல்’. 1854 ஜூனில் லண்டனை விட்டுப் புறப்பட்டவர்கள், பாதி உலகத்தைச் சுற்றி, நவம்பர் 27ஆம் நாள் நனைமோவில் கால் வைத்தார்கள். மனைவி, மக்கள், கைக்குழந்தை என்று வந்தவர்கள். அவர்கள் பட்ட பாடும் சின்னப் பாடு அல்ல. இன்றைக்கும் ஆண்டுதோறும் நவம்பர் 27 அன்று அந்தக் கோட்டைப் பக்கம் கூடி அவர்களை நினைவுகூருகிறார்கள். பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை, போற்றுகிறோம். உழைத்தவனை ஊர் நினைப்பது நல்ல வழக்கம்.

இப்போது 1887க்கு வருவோம். அந்த ஊரின் முதலாம் எண் சுரங்கம் கடலுக்கு அடியிலே நீண்டு கிடந்தது. மே 3 மாலை உள்ளே வெடி வைத்ததில் பிழை நேர்ந்தது. நிலக்கரித் தூசி பற்றிக்கொண்டது. ஏறக்குறைய 150 பேர் மாண்டார்கள். அவர்களில் 53 பேர் சீனத் தொழிலாளிகள்.

அரசாங்கத்தின் ஆண்டறிக்கை இறந்தவர்களின் பட்டியலை வெளியிட்டது. வெள்ளைத் தொழிலாளிகளுக்குப் பெயர் இருந்தது. சீனர்களுக்கு? ‘பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்பும், கம்பெனி கொடுத்திருந்த எண்ணும்தான் இருந்தன! ஒரே குழியில் இறங்கினார்கள், ஒரே நெருப்பில் வெந்தார்கள். பேரேட்டில் மட்டும் ஒருவன் மனிதன், ஒருவன் நம்பர்.

கூலியிலும் அப்படித்தான். வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்ததில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. 1885 முதல் கனடாவுக்குள் நுழையும் சீனத் தொழிலாளி தலைக்கு 50 டாலர் வரி கட்ட வேண்டும்; 1903இல் அது 500 டாலராக ஏறியது. விபத்துக்குப் பிறகாவது தொழிலாளிகள் ஒன்றுபட்டார்களா? இல்லை. சீனனைச் சுரங்கத்துக்குள் இறக்காதே என்றுதான் குரல் எழுந்தது. 1890இல் அந்த மாகாணம் அதையே சட்டமாக்கியது. அந்தச் சட்டம் செல்லாது என்று 1899இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. குறைந்த கூலி கொடுத்தவன் முதலாளி. பகைக்கு ஆளானவனோ அந்தக் கூலியை வாங்கியவன். வெளியூரில் பிழைக்கிற நமக்கு இந்தக் கணக்குப் புரியாதா?

அந்தச் சுரங்கம் 1938இல் மூடப்பட்டது. 1887 விபத்தைச் சொல்லும் நினைவுப் பலகை அங்கே உண்டு. தலைவரியை வசூலித்ததற்காகக் கனடா அரசாங்கம் 2006இல் மன்னிப்பும் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாம், பலகை வைக்கலாம், மாலை போடலாம். ஆனால் அன்றைக்கு எழுதாமல் விட்ட பெயரை இன்றைக்கு எந்தச் சிற்பி எந்தக் கல்லில் வெட்டுவான்? நினைவுச் சின்னத்தைச் செத்த பிறகு எழுப்புகிறார்கள். அதற்கு வேண்டிய பெயரை ஆள் உயிரோடு இருக்கும்போதே எழுதியாக வேண்டும்.

ரயில்வேயில் பேரேடும் மஸ்டர் ரோலும் புரட்டிப் பழகிய நமக்கு இது தெரியும். காண்டிராக்டர் கொண்டுவரும் தாளில் ‘மதராஸி, ஆறு ஆள்’ என்று எழுதியிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். ஆறு ஆளுக்கும் பெயர் இல்லை, அப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. சாரம் சரிந்தால் யாருக்குப் போன் பண்ணுவான்? நஷ்டஈடு யார் கைக்குப் போகும்?

வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979இல் ஒரு சட்டம் வந்தது. படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், சாவு நேர்ந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அது சொன்னது. அதைப் பிறகு 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டார்கள். பாஸ்புக்கைக் கண்ணால் கண்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம்!

ஆகவே தோழர்களே, சட்டத்துக்காகப் போராடுவதோடு நம் வேலையை நாமே தொடங்குவோம். சங்க அலுவலகத்தில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் தாய் பெயர், ஊர், தாலுகா, வேலை செய்யும் இடம், காண்டிராக்டர் பெயர், வீட்டாரின் முகவரி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். நமக்கு முன்னால் வந்து குடிசை போட்டு, குழாய்த் தண்ணீருக்கு நின்று, நமக்கு இடம் பிடித்துக் கொடுத்த பெரியவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். தாய்மார்களே, வீட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிற பெண்களின் பெயரை, ‘இன்னார் சம்சாரம்’ என்று போடாமல், அவரவர் சொந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

கல்லும் சிலையும் பிறகு வரட்டும். நோட்டு மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கூட்டம் கலைவதற்குள் எழுதிவிட்டுப் போங்கள்.