கோவையில் கண்ட பொறிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் சென்ற ஆண்டு மேற்கொண்ட கோவைப் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இரயில்வே எழுத்தருக்குப் பயணத்தைப் பற்றிப் பேசுவது எளிது என அவர் கருதினார் போலும்! உண்மை வேறு. பிறருக்குச் சீட்டுக் கொடுத்தே காலம் கழிக்கும் எங்களைப் போன்றோர், அச்சீட்டில் அச்சாகியுள்ள ஊர்களில் இறங்கிப் பார்ப்பது அரிது. கோயம்புத்தூருக்கென நாங்கள் கொடுத்த சீட்டுகளுக்குக் கணக்கில்லை. ஆயினும் அந்நகரைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம், இரவு வண்டியின் சன்னல் வழியே தெரியும் விளக்குகளும் தேநீர்க் குரலுமே.

இதற்கு எங்கள் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. இருப்புப் பாதைக்கும் அதிற் பங்குண்டு. 1862-இல் சென்னையையும் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த பாதை, கோவை நகரைத் தொடாமல் போத்தனூர் வழியாகவே சென்றது. மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப் பாதை போட்ட 1873-இல்தான் நகருக்கு வண்டி வந்தது. பிற்காலத்திலும் பல வண்டிகள் போத்தனூரிலிருந்து இருகூர் சென்று, நகரை ஒதுக்கியே ஓடின. மதுரைக்குக் கோயிலுக்காகச் செல்வோம்; சென்னைக்கு வேலைக்காகச் செல்வோம்; உதகைக்குக் குளிர்ச்சிக்காகச் செல்வோம். கோவைக்கு எதற்காகச் செல்வது என்றுதான் எங்கள் வீட்டாரும் கேட்டனர்.

அப்போது சங்கத்து அம்மையார் ஒருவர் நல்ல விடை கூறினார். "நம் வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் எந்த ஊரிலிருந்து வந்தது? மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் எந்த ஊரிலிருந்து வந்தது? நாள்தோறும் சோறு போடும் ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் குறைந்தா போய்விடுவோம்?" என்றார். மறுப்பதற்கு வழியில்லை. எர்ணாகுளத்தில் காலை வண்டி ஏறினோம். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நான்கு மணி நேரம். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வாளையாறு தாண்டியதும் காற்று வறண்டது, பேச்சும் மாறியது. "வாங்கண்ணா" என்றழைத்த ஆட்டோக்காரரின் குரல் எங்கள் பிள்ளைகளுக்குப் பெருவியப்பு.

அவினாசி சாலையிலுள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தில்தான் நெடுநேரம் நின்றோம். 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் வீட்டிற் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். அதனை வாங்குவதற்காகவே கோவையில் உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டிக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து விட்டார். அதிலிருந்து வளர்ந்ததே யூ.எம்.எஸ். நிறுவனம். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டார் செய்தார். மின்சாரத்தால் இயங்கும் சவரக் கத்தி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, வாக்குப் பதிவுப் பொறி என அவர் கைபட்டவை பல. பத்தாம் வகுப்போடு நின்ற எங்களுக்கு அங்கு நிற்கையில் சற்றுப் பெருமையாகவும் இருந்தது, சற்று வெட்கமாகவும் இருந்தது. படிப்பின்மையை நாங்கள் சாக்காகச் சொன்ன நாட்கள் எத்தனை!

ஒரு மனிதரால் மட்டும் ஒரு நகர் உருவாகிவிடாது என்பதும் அங்கு விளங்கியது. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை தொடங்கினார். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிற்று. மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆழக் கிணறுகளிலிருந்து நீரிறைக்க மோட்டார் வேண்டியதாயிற்று. மோட்டார் செய்ய வார்ப்படச் சாலைகள் எழுந்தன. மழை குறைந்த ஊர் பம்பு செய்யும் ஊரானது இவ்வாறுதான். நீரிலேயே மிதக்கும் நம் கொச்சியில் அத்தொழில் பிறந்திருக்குமா?

அருகிலேயே 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகம் உள்ளது. 1886-ஆம் ஆண்டுப் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரியைப் பிள்ளைகள் விட்டு நகரவில்லை. மண்டல அறிவியல் மையத்தை ஓட்டமாகவே பார்த்தோம். 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் மரவகைகளைக் கண்டபோது, மரக்கடையில் பணியாற்றிய நம் உறுப்பினர் ஒருவர் பெயர்ப் பலகையைப் பாராமலே தேக்கு, ஈட்டி, வேங்கை என்று சொல்லிக்கொண்டே நடந்தார். காவலரே எழுந்து அவர் பின்னால் வந்துவிட்டார்!

நிற்க. நூற்புக் கருவிகள் வைத்திருந்த ஓரிடத்தில் எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். இளமையில் கோவை ஆலையொன்றில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலை மூடியபின் கொச்சிக்கு வந்து மிளகுக் கிடங்கில் சேர்ந்தவர். "எந்திரத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. அறுந்த நூலை ஓடியோடி முடிந்த எங்கள் விரலை எங்கே வைப்பார்கள்?" என்றார். எவரும் விடை கூறவில்லை. அன்றிரவு வண்டியில் அவரைச் சுற்றி அமர்ந்து, நூல் முடியும் விதத்தைக் கேட்டோம். தம் வேட்டியின் ஓரத்திலிருந்து இழை உருவி, இரு விரல்களுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து காட்டினார். எங்களில் ஒருவர்க்கும் வரவில்லை. அவருடைய பேத்திக்கு மட்டும் ஆலுவா வருவதற்குள் வந்துவிட்டது.

அவர் சொன்னது எங்களையும் தைத்தது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அட்டைச் சீட்டுகள் இருந்தன. ஆங்கில நாட்டு நிலைய அதிபர் தாமஸ் எட்மன்சன் என்பார் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை அது. சீட்டைத் தேதிப் பொறியின் வாயில் செருகினால், 'டக்' என்ற ஒலியுடன் நாள் பதியும். கணினி வந்தபின் ஓர் அலுவலகத்தில் அப்பொறிகளைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டதை நாங்களே பார்த்தோம். நாங்களே தூக்கியும் கொடுத்தோம். நம் கடைத்தெருக் கிடங்குகளின் பெருந்தராசுகள் எங்கே? 1957-இல் தோன்றிய மிளகு வணிகச் சங்கத்தின் கூடத்தில் விலை கூவிய ஆரவாரம் எங்கே?

ஆகவே, திரும்பி வந்தபின் சங்க நூலகத்து அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தோம். இன்று அதில் பத்து அட்டைச் சீட்டுகள், ஒரு தராசுத் தட்டு, மிளகு சலித்த சல்லடை, ஒரு பழைய கைவிளக்கு ஆகியன உள்ளன. தேதிப் பொறி மட்டும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ, தெரிந்த பழைய இரும்புக் கடையிலோ ஒன்று கண்ணிற் பட்டால் சொல்லியனுப்புங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம். ஞாயிறு மாலைகளில் நூலகம் திறந்திருக்கும். நூல் முடியக் கற்க விரும்பும் பிள்ளைகளும் அப்போது வரலாம்; பெரியவர் இருப்பார்.