அத்தாவின் தொழிலும் பிள்ளையின் படிப்பும்

(காளப்பநாயக்கன்பட்டியில் நடந்த கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் கொத்தனார், டைல்ஸ் வேலை, தச்சு வேலை, தையல் என்று எழுதியிருந்தார்கள். "அத்தா தொழிலுக்கே போவாயா?" என்று கேட்டால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெற்றவர்களும், "இந்தக் கஷ்டம் எங்களோடு போகட்டும் பாய்" என்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு அப்படிப் பேச வைக்கிறது. ஆனாலும், அத்தாவின் தொழிலையே கையிலெடுத்த ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

தாஜ்மகாலைக் கட்டியவர் யார் என்றால் ஷாஜஹான் என்போம். பணம் அவருடையது. வடிவமைத்த கட்டடக் கலைஞர் லாகூர் உஸ்தாத் அஹ்மத். டெல்லி செங்கோட்டையிலும் அவர் கைவண்ணம் உண்டு. 1649இல் வஃபாத்தானார். அவர் கட்டிய கட்டடங்களின் விவரம் அவருடைய மகன் லுத்ஃபுல்லாஹ் எழுதிய பாரசீகக் கவிதையின் வழியாக நமக்குத் தெரிகிறது. லுத்ஃபுல்லாஹ்வும் கட்டடக் கலைஞர்தான். தகப்பனின் உழைப்பைச் சொல்ல அந்தப் பிள்ளை வெட்கப்படவில்லை.

இன்னொரு மகன் அதாவுல்லாஹ். தாஜ்மகால் வேலை 1632 வாக்கில் தொடங்கியது. அந்த வேலை நடந்துகொண்டிருந்த 1634-35இல் அதாவுல்லாஹ் என்ன செய்தார் தெரியுமா? பாஸ்கராச்சாரியார் சமஸ்கிருதத்தில் எழுதிய 'பீஜகணிதம்' என்ற அல்ஜீப்ரா நூலைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். கட்டடக்காரர் வீட்டுப் பிள்ளை கணக்கில் இவ்வளவு ஆழம் போயிருக்கிறார். கல்வி எந்த மொழியில் இருந்தாலும் தேடிப் போயிருக்கிறார்.

பிறகு அவருக்கும் ஒரு பெரிய வேலை வந்தது. ஒளரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானு பேகத்துக்காக ஒளரங்காபாத்தில் எழுந்த 'பீபி கா மக்பரா' அது. பார்த்தவர்கள் "சின்ன தாஜ்மகால்" என்பார்கள். சிலர் "தாஜ் அளவுக்கு இல்லை" என்றும் குறை சொல்வார்கள். தாஜுக்கு ஆன செலவு கோடிகளில் சொல்லப்படுகிறது. இதற்கு ஆனது ஏழு லட்சத்துக்கும் குறைவு என்று ஒரு பழைய வரலாற்று நூல் கூறுகிறது. குவிமாடத்துக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் பளிங்கு வைத்து, மற்ற இடங்களைக் கருங்கல்லாலும் சுண்ணாம்புப் பூச்சாலும் முடித்தார்கள். கையில் கொடுத்த பணத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டடத்தை முடித்துக் கொடுத்தார். அதன் கதவில் அதாவுல்லாஹ் பெயரும், உடன் உழைத்த பொறியாளர் ஹன்ஸ்பத் ராய் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

பெற்றோர்களே, அத்தாவுக்குக் கிடைத்த வசதி பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தொழிலும் கல்வியும் ஒரே வீட்டில் இருந்தன. அதனால் அந்தக் குடும்பத்தில் தொழில் தாழவில்லை. நம் வீடுகளில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இருக்கின்றன. வரைபடமும் கணக்கும் வந்து சேர வேண்டும்.

வழி இருக்கிறது. பத்தாவது முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருட சிவில் டிப்ளமோ படிக்கலாம். அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்கள் 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருட பி.ஆர்க். படிக்கலாம். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராப்ட்ஸ்மேன் பயிற்சியும் உண்டு. சாரத்தில் நின்று வேலை பார்த்த பிள்ளைக்குச் சுவரின் கனமும் கலவையின் பக்குவமும் ஏற்கெனவே தெரியும். வகுப்பில் அது பெரிய பலம்.

வேறு படிப்பை விரும்பும் பிள்ளைகளையும் நாம் தடுக்கக் கூடாது. ஆனால் அத்தாவின் தொழிலை விரும்புகிற பிள்ளையை "படிப்பு ஏறாதவன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாணவர்களே, அடுத்த வருட விண்ணப்பத்தில் 'தகப்பனார் தொழில்: கொத்தனார்' என்பதைத் தெளிவாக, நல்ல கையெழுத்தில் எழுதுங்கள்.