மிஞ்சிய சோறு

சமைத்து மிஞ்சிய சோறு, குழம்பு, வாங்கி வாடவிட்ட காய்கறி எல்லாம் வீட்டில் வீணாகும் உணவுதான். 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளில். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் சொன்ன கணக்கு இது. கல்யாண மண்டபத்தையும் ஓட்டலையும் மட்டுமே மேடைக்கு மேடை திட்டித் தீர்ப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ; தோலும் எலும்பும் அதில் அடக்கம். மதுரை வில்லாபுரத்தில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு 220 கிலோ!

அது போய்ச் சேரும் இடம் தூரமில்லை. அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனைக் கக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடேற்றும். வீணாவது சோறு மட்டுமா? மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பி, மதுரை வயலுக்குக் கொண்டுவந்த தண்ணீரும்தான்.

மணிமேகலை சொல்லும் ஆபுத்திரன் இந்த மதுரையில்தான் பிச்சை எடுத்தான். பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடமானோர் எல்லோருக்கும் ஊட்டி, மிஞ்சியதையே தான் உண்டான். அவனிடம்தான் தெய்வமான சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள். காப்பியம் அவனைப் பாடியது. இராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் சின்ன வெங்காயத்தோடு வயிறு நிறைத்த வீட்டுப் பெண்ணை யாரும் பாடவில்லை. பழைய சோறு ஏழ்மையின் அடையாளம் என்று ஏளனம் பேசியவர்கள் அவள் அறிவைத்தான் குப்பையில் கொட்டினார்கள். தண்ணீரில் ஊறும் சோற்றை லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்க வைக்கிறது. அதனால் அது எளிதில் கெடுவதில்லை. வெறுமனே வெளியே கிடக்கும் சோறு கெடும். மீன் குழம்பைச் சுண்ட வைத்தது, மிஞ்சிய சோற்றைப் பச்சை மிளகாய், சீரகத்தோடு பிசைந்து வத்தல் போட்டது, எல்லாம் அவள் கைவேலை.

அவள் இன்னொன்றும் செய்தாள்: சாப்பிட வருகிறவர்களைக் கேட்டபிறகே உழக்கில் அரிசி அளந்தாள். மிச்சத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. காய்கறியை இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும் வாங்கினால் வாடாது. பழையதை முன்னால் வைத்தால் ஃபிரிட்ஜில் மறந்து கிடக்காது.

எஞ்சும் தோலும் காம்பும் மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்த சருகோடு சில மாதங்களில் உரமாகும். மீன் முள்ளும் கறி எலும்பும் அதில் விழுந்தால் எலி வரும். அவற்றை மக்கும் குப்பையில் சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் தர வேண்டும். திடக்கழிவு விதிகளும் தரம் பிரித்தே தரச் சொல்கின்றன.